பவுடர் புளூ டாங் மீனை நான்கடித் தொட்டியில் சேர்க்கலாமா? வெள்ளிக்கிழமைக்குள் கடைக்குப் பதில் சொல்ல வேண்டும்

ஹட்டன்_உப்புநீர் | சனி, இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வீடு ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் உள்ளது. இரண்டு வருடங்களாக நான்கடிக் கடல்நீர்த் தொட்டி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். நீளம் 120, அகலம் 50, உயரம் 55 சென்ரிமீற்றர். கணக்கில் 330 லீற்றர் என்றாலும் பாறையும் மணலும் போக 270 லீற்றர் நீர்தான் தேறும். உள்ளே ஒரு சோடி கிளார்க் கிளவுன் மீன்கள், பத்து சென்ரிமீற்றர் அளவில் ஒரு ஸ்கோபாஸ் டாங் (பவுடர் புளூவின் குடும்பத்து இன்னொரு மீன்), ஒரு ஃபயர்ஃபிஷ், இரண்டு கிளீனர் இறால்கள் இருக்கின்றன. பவளங்களில் லெதர், மஷ்ரூம், ஸோவாந்திட் போன்ற மென்மையான இனங்கள் மட்டுமே. கல்பவளங்கள் நம் நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. பாறைகளையும் சீமெந்தில் நானே வார்த்துக்கொண்டேன்.

சென்ற வாரம் கொழும்பில் ஒரு கடையில், ஒன்பது சென்ரிமீற்றர் அளவில் ஒரு பவுடர் புளூ டாங்கைக் கண்டேன். பாடசாலைக் காலத்தில் சுற்றுலா போனபோது ஹிக்கடுவையில் கண்ணாடி அடிப் படகிலிருந்து நான் முதன்முதலில் பார்த்துப் பெயர் கேட்ட மீன் அதுதான். நீல உடம்பு, மஞ்சள் முதுகுத் துடுப்பு, கறுப்பு முகத்துக்குக் கீழே வெள்ளைக் கழுத்து. அதன் பிறகு எந்த மீனைப் பார்த்தாலும் ஒரு படி குறைவாகவே தோன்றியது. கடைக்காரர் கொடுத்த கடற்பாசியை அது என் கண்முன்னே பிய்த்துத் தின்றது. ஆசை தாங்காமல் பாதிப் பணத்தை முற்பணமாகக் கட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து வாசித்த பிறகுதான் இது சண்டைக்கார மீன் என்று பலரும் எழுதியிருப்பதைக் கண்டேன். என் தொட்டியில் இழைப்பாசியும் நிறைய வளர்ந்திருப்பதால், இன்னொரு டாங் வந்தால் அதையும் மேய்ந்துவிடும் என்பது என் இன்னொரு கணக்கு. சேர்க்கலாமா, வேண்டாமா? காரணத்தோடு சொல்லுங்கள்.

கண்டி_ரீஃப் | சனி, இரவு 9.40

வேண்டாம். ஆறடிக்குக் குறைந்த தொட்டியில் அந்த மீனைப் பற்றிப் பேசவே கூடாது. முற்பணம் போனால் போகட்டும்.

பதுளை_டாங் | சனி, இரவு 10.20

கண்டி நண்பர் சட்டப் புத்தகத்தை வாசிப்பதுபோல் சொல்லிவிட்டார். என்னிடம் நான்கடித் தொட்டியில்தான் பவுடர் புளூ இருக்கிறது. வருகிற மாதத்தோடு பதினான்கு மாதங்கள். கொழுகொழுவென்று இருக்கிறது, என் கையிலிருந்தே பாசி தின்கிறது, கிளவுன்களைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு குணம். இணையத்தில் எழுதுகிறவர்கள் பாதிப்பேர் மற்றவர் எழுதியதைத்தான் எழுதுகிறார்கள். ஆசைப்பட்ட மீனை வாங்குங்கள் தம்பி. முதல் நாள் விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள், போதும்.

பண்டாரவளை_ஆசிரியர் | ஞாயிறு, காலை 7.05

இரண்டு பதில்களுமே கேள்வியைக் கொஞ்சம் தாண்டிப் போகின்றன என்று நினைக்கிறேன். ஒரு மீன் சண்டைக்காரமானது என்று சொல்வது அந்த மீனைப் பற்றிய பாதிச் செய்திதான். யாரோடு, எவ்வளவு இடத்தில், எந்த வரிசையில் வந்து சேர்கிறது என்பவைதான் மீதி.

பவுடர் புளூவின் விலங்கியற் பெயர் அகாந்தூரஸ் லியூகோஸ்டெர்னோன். பின்பாதிக்கு வெண்மார்பு என்று பொருள். நீங்கள் படகிலிருந்து பார்த்த அந்த வெள்ளைக் கழுத்துதான் பெயருக்கே காரணம். இந்து சமுத்திரத்துக்குரிய மீன். ஆழமில்லாத பாறைத் திட்டுகளில், அலை அடிக்கிற இடத்தில், பகல் முழுவதும் பாசி மேய்ந்து வாழ்கிறது. மேய்ச்சல் நிலம் எப்போதும் அளவோடு இருப்பதால், அதே பாசியைத் தின்கிற, அதே உடலமைப்புள்ள எந்த மீனையும் அது போட்டியாளனாகவே எண்ணும். கிளவுன் அதன் பாசிக்குப் போட்டியில்லை. ஆகவேதான் பதுளை நண்பரின் கிளவுன்கள் நிம்மதியாக இருக்கின்றன. அதே மீன் சில இடங்களில் பெருங்கூட்டமாகச் சேர்ந்து மேய்வதும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டமாக இருக்கையில் யார் யாரை விரட்டுவது? நம் தொட்டியில் அந்த வழியும் இல்லை. இரண்டே இரண்டு டாங், ஒரே ஒரு பாறைக்குன்று.

இப்போது உங்கள் தொட்டிக்கு வருவோம். அங்கே ஏற்கெனவே ஒரு ஸ்கோபாஸ் இருக்கிறது. அது வேறு பேரினம், உடலும் தட்டுப்போல் அகன்றது என்பதால், இன்னொரு அகாந்தூரஸ் இருப்பதைவிடப் பரவாயில்லை எனலாம். ஆனால் இரண்டு வருடங்களாக அந்த நான்கடியும் அதன் காணி. பத்து சென்ரிமீற்றர் ஸ்கோபாஸ் முன்னால் ஒன்பது சென்ரிமீற்றர் பவுடர் புளூவை விட்டால், முதல் வாரத்தில் அடி வாங்கப்போவது நீங்கள் பயப்படுகிற அந்தச் சண்டைக்காரன்தான். இந்தக் குடும்பத்து மீன்கள் எல்லாவற்றுக்கும் வாலின் அடியில் இருபுறமும் கத்திபோன்ற முள் உண்டு. பக்கவாட்டில் திரும்பி வாலை ஒரு வீசு வீசினால் எதிரியின் விலாவில் கோடு விழும். அடி வாங்கியும் பிழைத்துக்கொண்டால், அடுத்த வருடம் அது வளர்ந்து ஸ்கோபாஸைத் திருப்பி அடிக்கும். ஆக, ஒரே மீனால் இரண்டு தடவை சண்டை வரும். இரண்டிலும் தோற்பவன் வேறு.

பதுளை நண்பரிடம் ஒரு கேள்வி. உங்கள் பவுடர் புளூ வந்தபோது தொட்டியில் வேறு டாங் இருந்ததா? அதற்குப் பிறகு ஏதாவது புதிய மீனைச் சேர்த்தீர்களா?

பதுளை_டாங் | ஞாயிறு, காலை 11.30

சேர் சரியான இடத்தில் கையை வைத்துவிட்டார். இல்லை, என்னிடம் வேறு டாங் இருக்கவில்லை. அதுதான் முதல் டாங்.

இரண்டாவது கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்லிவிடுகிறேன். எட்டாவது மாதத்தில் ஒரு செயில்ஃபின் டாங்கை விட்டேன். விளக்கை அணைத்துத்தான் விட்டேன். காலையில் பார்த்தபோது அது நீர் தொட்டிக்குத் திரும்பி வரும் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே தலையைச் செருகிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. விலாவில் சவர அலகால் கீறியதுபோல் நான்கைந்து கோடுகள். வால் துடுப்பின் பாதியைக் காணவில்லை. பவுடர் புளூ அந்த மூலைக்கு எதிரே அரையடி தூரத்தில் நின்று, அது அசையும்போதெல்லாம் முன்னே வந்து மறித்தது. அன்று மாலையே செயில்ஃபின் செத்துவிட்டது. அதிலிருந்து இன்று வரை அந்தத் தொட்டியில் ஒரு புதிய மீனைக்கூடச் சேர்க்க முடியவில்லை. போன மாதம் விட்ட ஒரு சின்னப் பிளெனியையும் விரட்டி விரட்டிக் களைக்க வைத்தது. முதற்பதிவில் இதை எழுதாதது என் தவறு. ஆனாலும் மீன் அழகு என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

நுவரெலியா_16பாகை | ஞாயிறு, மாலை 4.10

எல்லாரும் சண்டையைப் பற்றியே பேசுகிறீர்கள். கொழும்பில் இருக்கிறவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

கடல் மட்டத்தில், 25 பாகை வெப்பநிலையில், வழக்கமான உவர்த்தன்மையுள்ள நீர் லீற்றருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். நன்னீர் அதே வெப்பநிலையில் 8.2 வரை தாங்கும். உப்பு சேரச்சேர இது குறையும். ஹட்டன் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு. ஆகவே உங்கள் தொட்டி எவ்வளவு நன்றாகக் காற்றோட்டம் பெற்றாலும் 5.7 அல்லது 5.8க்கு மேல் போகாது. நுவரெலியாவில், 1,868 மீற்றரில், எனக்கு 5.4 வந்தாலே பெரிய விடயம். பவுடர் புளூவோ அலை உடைகிற இடத்து மீன். நாள் முழுவதும் நீந்துகிற மீன். ஒட்சிசன் குறையும்போது முதலில் செவுளை வேகமாக அடிக்கத் தொடங்குவதும் அதுவே. துரத்தப்படுகிற மீனுக்கு ஒட்சிசன் இன்னும் அதிகம் வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இதோடு மின்வெட்டையும் சேர்த்துப் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வெட்டினார்கள். அந்த வாரத்தில் நான் கோப்பையால் நீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தேன். அது பழைய கதை என்று சொல்பவர்களுக்கு, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்ட ஞாயிற்றுக்கிழமையை நினைவூட்டுகிறேன். நம் தொட்டிகளின் ஆயுள் சில நாட்களில் ஒரு குரங்கின் கையில் இருக்கிறது.

ஹட்டன்_உப்புநீர் | ஞாயிறு, இரவு 8.00

நுவரெலியா அண்ணே, ஒரு சந்தேகம். குளிர்ந்த நீர் ஒட்சிசனை அதிகமாக ஏற்கும் என்றுதானே படித்திருக்கிறோம்? நம் ஊர்க் குளிர் அந்தக் குறையை ஈடுசெய்துவிடாதா?

நுவரெலியா_16பாகை | ஞாயிறு, இரவு 8.25

நீர் குளிர்ந்திருந்தால் ஈடுசெய்யும் தம்பி. ஆனால் உங்கள் தொட்டி நீர் குளிர்ந்தா இருக்கிறது? இரண்டு ஹீட்டரைப் போட்டு 25 பாகையில் வைத்திருக்கிறீர்கள். குளிர் அறையில் இருக்கிறது, நீரில் இல்லை. மின்சாரம் நின்றால்தான் நீர் குளிரும். அப்போது பம்பும் நின்றிருக்கும். பவளங்களும் பாசியும்கூட இரவில் ஒட்சிசனை எடுக்கும் பக்கத்துக்கு மாறிவிடுவதால், விடியற்காலை மூன்று நான்கு மணிக்குத்தான் தொட்டியில் ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்கும். ஸ்கிம்மரை (கழிவை நுரையாக்கி நீக்குகிற கருவி) இரவில் நிறுத்துகிற பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். பேட்டரியில் ஓடுகிற காற்றுப் பம்பு ஒன்று, மின்சாரம் நின்றவுடன் தானாகத் தொடங்குகிற வகை, எந்த மீன் வைத்திருந்தாலும் நமக்குக் கட்டாயம்.

தலவாக்கலைப்_பவளம் | ஞாயிறு, இரவு 10.45

பிள்ளைகள் தூங்கிய பிறகு இந்த இழையை முழுதாக வாசித்தேன். நோயைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே என்பதால் எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் இதே மீனை, இதே அளவில், நானும் வாங்கினேன். கடையில் நன்றாகத் தின்றது. ரெஜிஃபோம் பெட்டிக்குள் ஒட்சிசன் நிரப்பிய பையில் வைத்து, கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். தனித்தொட்டி எதுவும் என்னிடம் இல்லை. நேராகப் பெரிய தொட்டியில் விட்டேன். அங்கே இருந்த டாங் அதை மூன்று நாள் விரட்டியது. நான்காம் நாள் காலை விளக்கைப் போட்டபோது, அதன் நீல உடம்பின்மேல் ரவையைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். பாறையில் உடம்பை உரசிக்கொண்டே இருந்தது. பத்து நாளில் அதுவும் போய், மற்ற நான்கு மீன்களும் போயின. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. தனிமைப்படுத்தாமல் விட்டது நான்.

வெண்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகேரியன் என்ற ஒட்டுண்ணி பெரும்பாலான டாங்குகளைப் பிடிக்கும், ஆனால் பவுடர் புளூவை விரும்பிப் பிடிக்கும் என்றே சொல்லலாம். அதன் தோலைக் காக்கும் சளிப்படலம் மெல்லியது என்பார்கள். விரட்டப்பட்டு, தின்னாமல், மூலையில் ஒதுங்கிக் கிடக்கிற மீனுக்கு எதிர்ப்புச் சக்தி என்று எதுவும் மிஞ்சுவதில்லை. அதனால் சண்டையும் நோயும் இரண்டு வேறு கேள்விகள் அல்ல. மேலே சேர் சொன்ன அந்த முதல் வார அடிதான் என் வீட்டில் புள்ளியாக வெளியே தெரிந்தது.

மீன்கள் எல்லாம் போன பிறகு, ஒட்டுண்ணி உயிர்தங்க வழியில்லாமல் அழிய வேண்டும் என்பதற்காக 76 நாட்கள் தொட்டியில் மீனே இல்லாமல் வைத்திருந்தேன். பவளங்களையும் இறாலையும் மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டரை மாதம். கடைசி மகள் தினமும் வந்து, "மீன் எப்போது வரும்?" என்று கேட்பாள்.

வாங்குவதென்றால் தனித்தொட்டியில் வைத்துத்தான் வாங்க வேண்டும். வெண்புள்ளிக்குப் போடுகிற செப்பு மருந்தைப் பெரிய தொட்டியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள், பவளமும் இறாலும் நத்தையும் மிஞ்சாது. டாங்குகளும் செப்பின் அளவு கூடினால் தாங்கா. அளந்து பார்க்கும் கிட் இல்லாமல் அந்த மருந்தைத் தொடக்கூடாது. மருந்தில்லாமல் செய்வதென்றால், 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனைக் காய்ந்த, சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றிக்கொண்டே போகும் முறை இருக்கிறது. மீனிலிருந்து உதிர்ந்த ஒட்டுண்ணி கூட்டுக்குள் இருந்து பெருகி மறுபடி வெளிவருவதற்குள் நாம் மீனை எடுத்துவிடுகிறோம் என்பதுதான் அதன் தந்திரம். நான்கு மாற்றம், ஐந்து தடவை புது நீர். நாற்பது லீற்றர் தொட்டி என்றாலும் இருநூறு லீற்றர். ஏழு கிலோவுக்கு மேல் உப்பு. இன்றைய உப்பு விலையைத் தம்பி என்னைவிட நன்றாக அறிவார். இந்த முறை வெண்புள்ளிக்குத்தான். வெல்வெட் நோய்க்கோ செவுள் புழுவுக்கோ இதை நம்ப முடியாது.

ஹட்டன்_உப்புநீர் | திங்கள், காலை 6.30

அக்கா, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். எனக்குத் தனித்தொட்டி இல்லை. ஒரு பழைய இரண்டடித் தொட்டி களஞ்சிய அறையில் இருக்கிறது. அதை எடுத்துத் தயார்செய்யலாம். ஆனால் அதற்கும் ஒரு ஹீட்டர் வேண்டும்.

சண்டை பற்றி இன்னும் கேட்கிறேன். துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் புதிய மீனை ஒரு வாரம் தொட்டிக்குள்ளேயே வைத்துப் பழக்குவது, பாறைகளை மாற்றி அடுக்குவது, கண்ணாடிக்கு வெளியே முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்துப் பழைய மீனின் கவனத்தைத் திருப்புவது ஆகியவற்றைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். இவை பலன் தருமா?

பண்டாரவளை_ஆசிரியர் | திங்கள், மாலை 5.50

பலன் தரும், எதற்கு என்பதுதான் கேள்வி. பெட்டி, முதல் சந்திப்பின் மூர்க்கத்தைத் தணிக்கும்: பழைய மீன் தன் கோபத்தைப் பிளாஸ்டிக்கின்மேல் கொட்டித் தீர்க்க, புதியது அடிபடாமல் உண்ணப் பழகும். பாறையை மாற்றி அடுக்கினால் பழைய காணி எல்லைகள் அழிந்து, இருவருமே புதிதாகக் குடியேறியவர்கள் ஆவார்கள். உங்கள் பாறைகள் சீமெந்தில் வார்த்தவை என்பதால் அது உங்களுக்குச் சுலபம். மென்பவளங்கள் ஒட்டியிருக்கிற கற்களை மட்டும் கவனமாகத் தூக்க வேண்டும். நாளுக்கு இரண்டு மூன்று வேளை கடற்பாசித் தாளை இரண்டு வேறு மூலைகளில் கட்டித் தொங்கவிடுவதும் மேய்ச்சல் போட்டியைக் குறைக்கும். நோரி என்கிற அந்தத் தாளின் விலை கட்டாவிட்டால், புத்தளம் கற்பிட்டிப் பக்கத்திலிருந்து வரும் உலர்ந்த கஞ்சிப்பாசியை நன்றாகக் கழுவி ஊறவைத்துக் கொடுங்கள்; டாங்குகள் விரும்பித் தின்னும்.

ஆனால் இவையெல்லாம் அறிமுகத்துக்கான உபாயங்கள். இடம் போதாமையை இவற்றால் தீர்க்க முடியாது. இருபது சென்ரிமீற்றருக்கு மேல் வளரக்கூடிய, ஓயாமல் நீந்துகிற மீனுக்கு நான்கடி என்பது ஆறு வாலடிப்பு. எல்லையை மாற்றி அடுக்கினாலும் காணியின் பரப்பு கூடுவதில்லை.

முகம் பார்க்கும் கண்ணாடியை மட்டும் இப்போதே வைத்துப் பாருங்கள். அது உங்கள் ஸ்கோபாஸின் குணத்தைக் காசில்லாமல் சொல்லிவிடும். தன் உருவத்தை அது எவ்வளவு நேரம் எதிர்த்து நிற்கிறது, உணவு போட்டால் அதை விட்டு வருகிறதா, மறுநாள் அலுத்துப்போகிறதா என்று கவனித்து எழுதுங்கள்.

கண்டி_ரீஃப் | திங்கள், இரவு 9.10

நான் ஒரு வரியில் சொன்னதற்குக் காரணம் கேட்டீர்கள். சேரும் அக்காவும் என்னைவிட நன்றாகவே சொல்லிவிட்டார்கள். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தவறிப்போனால் அந்த மீனை வெளியே எடுப்பது எப்படி? பவளத் தொட்டியில் வலையால் ஒரு டாங்கைப் பிடித்தவர் யாராவது இருந்தால் கையை உயர்த்துங்கள். நான் ஒரு டாம்சல் மீனைப் பிடிக்கத் தண்ணீர்ப் போத்தலை வெட்டிக் கூம்பைத் தலைகீழாகச் செருகிப் பொறி செய்து, பத்தொன்பது நாள் காத்திருந்தேன். அது ஐந்து சென்ரிமீற்றர் மீன். பிடித்த பிறகும் கண்டியில் எனக்கு அதை வாங்கிக்கொள்ள ஒரு நண்பர் இருந்தார். ஹட்டனில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? கடைக்குத் திருப்பிக் கொடுக்க மறுபடியும் கொழும்புக்கு ஐந்தாறு மணி நேரப் பயணம். கடைக்காரர் வாங்குவாரா என்பதும் தெரியாது.

ஹட்டன்_உப்புநீர் | புதன், இரவு 9.30

கண்ணாடிச் சோதனையின் முடிவை எழுதுகிறேன்.

திங்கள் இரவே, வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடியைத் தொட்டியின் இடதுபுறச் சுவரோடு சாய்த்து வைத்தேன். செவ்வாய் காலை விளக்கு எரிந்ததும் ஸ்கோபாஸ் அதைக் கண்டது. கபில நிறம் சில வினாடிகளில் கறுத்தது. முதுகுத் துடுப்பையும் அடித் துடுப்பையும் முழுவதும் விரித்து இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. பிறகு பக்கவாட்டில் திரும்பி, வாலின் வெள்ளை முள் எனக்குத் தெரியும்படி கண்ணாடியில் அடித்தது. டிக் என்ற சத்தம் சமையலறை வரை கேட்டது. கடற்பாசியை வலதுபுறம் கட்டினேன். வரவில்லை. வழக்கமாகக் கையைத் தொட்டியருகே கொண்டுபோனாலே ஓடிவருகிற மீன். மாலையில் ஒருமுறை வந்து ஒரு வாய் கிழித்துக்கொண்டு திரும்ப ஓடியது. இன்று புதன்கிழமையும் அதே இடத்தில்தான் நின்றது. ஃபயர்ஃபிஷ் நேற்றுக் காலையில் பொந்துக்குள் போனது இன்னும் வெளியே வரவில்லை. அதற்கும் இந்தச் சண்டைக்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் பயந்துவிட்டது. கண்ணாடியை எடுத்துவிட்டேன்.

இரண்டு வருடமாகச் சாது என்று நினைத்துக்கொண்டிருந்த மீன் இது. சண்டைக்கார மீனைச் சேர்க்கலாமா என்று கேட்டு வந்தேன். சண்டைக்காரன் ஏற்கெனவே வீட்டில்தான் இருந்திருக்கிறான்.

பண்டாரவளை_ஆசிரியர் | புதன், இரவு 10.00

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். ஃபயர்ஃபிஷ் பற்றிய குறிப்பைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். மூடியில்லாத தொட்டி என்றால், மிரண்ட ஃபயர்ஃபிஷ் பாய்ந்து தரையில் விழும். மேலே வலை போடுங்கள்.

இன்னொரு விடயம் என் மனதில் நெருடிக்கொண்டே இருக்கிறது. இழைப்பாசியை மேய இன்னொரு டாங் வேண்டும் என்றீர்கள். ஸ்கோபாஸும் பாசி மேய்கிற மீன்தான். இரண்டு வருடமாக அது தின்று தீர்க்காத பாசியை இரண்டாவது டாங் எப்படித் தீர்க்கும்? மேய்ந்து கழித்தாலும் பாசியை வளர்க்கிற சத்து தொட்டிக்குள்ளேயேதான் இருக்கும். ஆவியாகும் நீருக்குப் பதிலாக எந்த நீரை ஊற்றுகிறீர்கள்?

ஹட்டன்_உப்புநீர் | வியாழன், காலை 6.45

பீலித் தண்ணீர், சேர். மலையிலிருந்து நேராக வருகிறது. தெளிந்த நீர், நாங்கள் குடிப்பதும் அதுதான். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓயாமல் வேலை செய்வதால் நாளுக்கு மூன்று லீற்றர் வரை ஆவியாகிறது.

பண்டாரவளை_ஆசிரியர் | வியாழன், மாலை 4.30

உங்கள் பீலிக்கு மேலே தேயிலை மலைதானே இருக்கிறது? அங்கே போடுகிற உரம் மழைக்குக் கரைந்து எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? குடிக்கக்கூடிய நீரும் பவளத் தொட்டிக்கு உகந்த நீரும் ஒன்றல்ல. தொட்டிக்குப் பயன்படுத்துகிற நைத்திரேற்றுக் கிட்டால் (பாசிக்கு உரமாகிற சத்தை அளப்பது) இன்றே பீலி நீரைச் சோதித்துப் பாருங்கள்.

ஹட்டன்_உப்புநீர் | வியாழன், இரவு 7.50

சோதித்தேன். நைத்திரேற்று லீற்றருக்கு 10 மில்லிகிராம். கண்ணை நம்பாமல் இரண்டாவது தடவையும் பார்த்தேன், அதே நிறம்.

கணக்குப் போட்டேன். நாளுக்கு மூன்று லீற்றர் என்றால் மாதம் தொண்ணூறு லீற்றர். 900 மில்லிகிராம் நைத்திரேற்று. 270 லீற்றர் தொட்டியில் மாதத்துக்கு லீற்றருக்கு மூன்று மில்லிகிராமுக்கு மேல் நானே கையால் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆவியாவது நீர் மட்டும். சத்து முழுவதும் தங்கிவிடுகிறது. பொசுபேற்றுக் கிட் என்னிடம் இல்லை, ஆனால் அதுவும் இப்படித்தான் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன்.

நாளை கடைக்கு என்ன சொல்வது என்பது இன்றிரவு முடிவாகிவிட்டது. பவுடர் புளூ வேண்டாம்.

பதுளை_டாங் | வியாழன், இரவு 8.15

தம்பி, முதல் நாள் உங்களை உசுப்பேற்றியவன் நான்தான். சரியான முடிவை எடுத்திருக்கிறீர்கள். அந்த மீனைப் பார்க்க வேண்டும்போல் இருந்தால் பதுளைக்கு வாருங்கள், ரயிலில் நான்கைந்து மணி நேரம். கடற்பாசி நீங்களே கொடுக்கலாம்.

ஹட்டன்_உப்புநீர் | வெள்ளி, மாலை 6.20

கடைக்காரருக்கு அழைப்பெடுத்தேன். கோபிப்பார் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. நீர்கொழும்பில் ஏழடித் தொட்டி வைத்திருக்கிற ஒருவர் இரண்டு நாளாக அதே மீனைக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். முற்பணத்தைத் திருப்பித் தர முடியாது, ஆனால் அந்தப் பெறுமதிக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். நீரில் கரைந்த சத்தை நீக்குகிற சிறிய ஆர்.ஓ. வடிகட்டி ஒன்று, பேட்டரிக் காற்றுப் பம்பு ஒன்று, பொசுபேற்றுக் கிட் ஒன்று, பாசி மேய எட்டு நத்தைகள். மேலே கொஞ்சம் காசு கொடுக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அனுப்புவார்.

நத்தையில் டர்போவா, ட்ரோக்கஸா என்று கேட்டார். எதைச் சொல்வது?

தலவாக்கலைப்_பவளம் | வெள்ளி, இரவு 9.05

ட்ரோக்கஸ் என்று சொல்லுங்கள் தம்பி. டர்போ நன்றாக மேயும். ஆனால் மணலில் கவிழ்ந்து விழுந்தால் பெரும்பாலும் தானாக நிமிராது, நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் அப்படியே கிடந்து சாகும், செத்த நத்தை நீரையும் கெடுக்கும். ட்ரோக்கஸ் தானே நிமிர்ந்துகொள்ளும். பையை அப்படியே கவிழ்த்துவிடாமல், ஒரு மணி நேரமாவது உங்கள் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்குங்கள். உவர்த்தன்மை மாற்றத்தை மீனைவிட நத்தைதான் தாங்காது. இரவில் விடுங்கள். ஸ்கோபாஸ் வந்து மோந்து பார்க்கும், ஓட்டில் ஒரு தடவை கொத்தும், பிறகு போய்விடும்.